வீட்டு ஒலிப்பதிவு அறையில் மானிட்டரை ஈக்யூ கொண்டு திருத்துவது: எதுவரை சரி?

சுருதிப்பெட்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நீளம் 3.5 மீட்டர், அகலம் 3 மீட்டர், உயரம் 2.8 மீட்டர் உள்ள ஓர் அறையில் ஏழங்குல மானிட்டர்கள் (மிக்ஸ் செய்யப் பயன்படும் ஸ்பீக்கர்கள்) இரண்டை வைத்து மிக்ஸ் செய்து வருகிறேன். ஸ்பீக்கர்களின் முகப்பு முன்சுவரிலிருந்து 70 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. என் தலைக்கும் பின்சுவருக்கும் இடையில் 80 சென்டிமீட்டர். சுவர்களில் ஐந்து சென்டிமீட்டர் தடிமனுள்ள நுரைப் பலகைகள் சில ஒட்டியிருக்கின்றன, அவ்வளவே. பேஸ் கிட்டார் தாழ்ந்த ஜி சுரத்தைத் தொடும்போதெல்லாம் அறையே சேர்ந்து முழங்குகிறது. அடுத்து ஏ சுரத்துக்கு நகர்ந்ததும் ஒலி வற்றிப்போகிறது.

அளவீட்டு மைக் ஒன்றை வாங்கி, தானாகத் திருத்தம் கணக்கிடும் மென்பொருள் ஒன்றை ஓட்டினேன். அது 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை கோட்டைத் தட்டையாக்கிக் கொடுத்தது. 49 ஹெர்ட்ஸில் 11 டெசிபல் குறைத்திருக்கிறது, 120 ஹெர்ட்ஸை ஒட்டி 9 டெசிபல் கூட்டியிருக்கிறது, அதற்கு மேலே சின்னச் சின்னத் திருத்தங்கள் ஏராளம். வரைபடம் பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் கிக் டிரம் சற்றே உரக்க வந்தாலும் மானிட்டரின் லிமிட்டர் (அளவு மீறும் ஒலியை அடக்கும் அமைப்பு) விளக்கு எரிகிறது, குரல்கள் மெலிந்து கூர்மையாகக் கேட்கின்றன, இந்தத் திருத்தத்தோடு செய்த மிக்ஸ் வேறு எங்கே கேட்டாலும் மந்தமாக இருக்கிறது. மானிட்டரை ஈக்யூ செய்வதே (அதிர்வெண்களின் அளவைக் கூட்டிக் குறைப்பதே) தவறா, அல்லது செய்கிற விதத்தில் ஏதாவது இருக்கிறதா என்று விளக்கினால் நன்றாக இருக்கும்.

வெறுஞ்சுவர் எழுதியது:

செய்வதே தவறு என்பதுதான் என் கருத்து. அறையில் நடப்பது காலம் சார்ந்த சிக்கல். ஒலி நின்ற பிறகும் சுவர்களுக்கிடையே ஆற்றல் அலைந்துகொண்டிருக்கிறது. ஈக்யூவுக்குத் தெரிந்ததெல்லாம் ஓர் அதிர்வெண்ணின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும்தான். அந்த மென்பொருளை அணைத்துவிட்டு, நான்கு மூலைகளிலும் தரையிலிருந்து கூரை வரை 15 சென்டிமீட்டர் கனிமக் கம்பளியை நிறுத்துங்கள். நுரைப் பலகையைக் கழற்றி எறிந்தாலும் இழப்பில்லை.

அலைநீளம் எழுதியது:

வெறுஞ்சுவர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன், மற்ற பாதியை ஏற்க முடியவில்லை. இந்த இழையில் இரண்டு வேறு நிகழ்வுகள் ஒன்றாகக் கலந்து பேசப்படுகின்றன. அவற்றைப் பிரித்தால்தான் ஈக்யூ எங்கே உதவும் என்பது விளங்கும்.

முதலில் 49 ஹெர்ட்ஸ். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. இணையான இரு சுவர்களுக்கிடையே எழும் முதல் நிலை அலையின் (நகராமல் நின்ற இடத்திலேயே அதிரும் அலையின்) அதிர்வெண், அந்த வேகத்தைச் சுவர் இடைவெளியின் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். 343ஐ 7ஆல் வகுத்தால் 49. பேஸ் கிட்டாரின் நான்காம் தந்தியில் மூன்றாவது ஃபிரெட்டில் பிறக்கும் ஜி சுரமும் சரியாக 49 ஹெர்ட்ஸ்தான். அறையின் நீளமே அந்தச் சுரத்துக்குச் சுருதி கூட்டப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஏ 55 ஹெர்ட்ஸ். ஒத்ததிர்வின் பட்டை குறுகலாக இருப்பதால் அது தப்பிவிடுகிறது.

இந்த வகை முகடு, தாழ்ந்த அதிர்வெண்களில், பெரும்பாலும் மினிமம் ஃபேஸ் தன்மையோடு நடந்துகொள்கிறது. அதாவது அளவில் தெரியும் முகடும் காலத்தில் தெரியும் நீண்ட முழக்கமும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள். முகட்டின் மையத்துக்கும் அகலத்துக்கும் உயரத்துக்கும் கச்சிதமாகப் பொருந்தும் எதிர் ஃபில்டரைப் போட்டால், நீங்கள் அமர்ந்திருக்கும் இடத்தில் அளவோடு சேர்ந்து முழக்கமும் குறையும். "ஈக்யூவுக்குக் காலம் தெரியாது" என்பது இங்கே பொருந்தாது; பாராமெட்ரிக் ஃபில்டர் (மையம், அகலம், உயரம் மூன்றையும் நாமே அமைக்கும் ஃபில்டர்) என்பதே காலத்தில் ஒலிக்கிற, அணைகிற ஒரு பொருள்தான்.

இனி 120 ஹெர்ட்ஸ். ஸ்பீக்கருக்கும் முன்சுவருக்கும் 70 சென்டிமீட்டர் என்றால், பின்புறம் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 1.4 மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்கிறது. அது 122.5 ஹெர்ட்ஸ் அலையின் பாதி நீளம். நேரே வரும் ஒலியும் சுவரில் பட்டு வரும் ஒலியும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அழிக்கின்றன. பின்சுவரும் இதே வேலையைச் செய்கிறது. 80 சென்டிமீட்டருக்கு அது 107 ஹெர்ட்ஸில் விழும். இரண்டும் அருகருகே அமைந்ததால்தான் உங்களுக்கு அங்கே அகலமான பள்ளம். இந்தப் பள்ளத்தை ஈக்யூவால் நிரப்ப முயன்றால், நேரொலி எவ்வளவு கூடுகிறதோ அதே அளவுக்கு எதிரொலியும் கூடும், அழிவும் அப்படியே தொடரும். 9 டெசிபல் என்பது ஆம்ப்ளிஃபயரிடம் எட்டு மடங்கு ஆற்றல் கேட்பது. உங்கள் லிமிட்டர் விளக்கு எரிவதற்குக் காரணம் அதுவே.

வெறுஞ்சுவர் எழுதியது:

"நீங்கள் அமர்ந்திருக்கும் இடத்தில்" என்ற சொற்களைக் கவனியுங்கள். நாற்காலியைப் பின்னே தள்ளினால் என்ன ஆகும்? பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் பாடகருக்கு என்ன கேட்கும்? கம்பளி எல்லோருக்கும் வேலை செய்யும்.

அலைநீளம் எழுதியது:

முகட்டின் அதிர்வெண் அறை முழுவதும் ஒன்றே. அதன் உயரம் மட்டும் இடத்துக்கு இடம் மாறும். அதனால் பாடகருக்கு ஜி சுரம் சற்று மெலிந்தோ தடித்தோ கேட்கலாம், ஆனால் ஈக்யூ இல்லாமல் இருந்ததை விடப் பெரும்பாலும் மோசமாகாது. மிக்ஸ் செய்பவருக்கு ஓர் இருக்கை போதும்.

கம்பளியைப் பற்றியும் ஒரு கணக்கு. நுண்துளைப் பொருள் காற்றின் வேகம் மிகுந்த இடத்தில்தான் ஒலியை உறிஞ்சும். சுவரிலிருந்து அது கால் அலைநீளத் தூரத்தில் இருக்கிறது. 49 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 7 மீட்டர், கால் பங்கு 1.75 மீட்டர். 15 சென்டிமீட்டர் கம்பளி அங்கே ஏதோ கொஞ்சம் செய்யும். 11 டெசிபல் முகட்டை அடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அதே கம்பளி 250 ஹெர்ட்ஸுக்கு மேலே அருமையாக உழைக்கும்.

கீழ்வரி எழுதியது:

கம்பளியா ஈக்யூவா என்று பேசுவதற்கு முன்னால் நாற்காலியையும் ஸ்பீக்கரையும் நகர்த்திப் பார்த்தாகிவிட்டதா? பணம் செலவாகாத திருத்தம் அது ஒன்றுதான், அதனாலோ என்னவோ அதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை.

நீளவாக்கு நிலை அலை இரு சுவர்களையும் ஒட்டி உச்சத்தில் இருக்கும், நட்டநடுவில் இல்லாமலே போகும். பின்சுவருக்கு 80 சென்டிமீட்டர் முன்னால் இருக்கும் உங்கள் தலை உச்சத்துக்கு அருகில் இருக்கிறது. அதற்காக நடுவில் உட்காரவும் கூடாது, அங்கே ஜி சுரம் காணாமல் போய்விடும். முன்சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 விழுக்காடு என்று ஒலியியல் வட்டாரத்தில் ஒரு தொடக்கப் புள்ளி புழங்குகிறது. உங்கள் அறையில் அது 1.33 மீட்டர். அங்கே இந்த அலையின் வலிமை இப்போது நீங்கள் கேட்பதில் பாதியளவுக்கு இறங்கும், அதாவது 6 டெசிபல் சுமாராகக் குறையும்.

ஸ்பீக்கர்களை முன்சுவரை நோக்கித் தள்ளுங்கள். முகப்பு சுவரிலிருந்து 30 சென்டிமீட்டரில் நின்றால், அந்த எதிரொலிப் பள்ளம் 286 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அந்த அதிர்வெண்ணில் ஸ்பீக்கர் பின்புறம் அனுப்பும் ஒலியும் ஓரளவு குறைந்திருக்கும், வெறுஞ்சுவர் சொல்லும் கம்பளியும் வேலை செய்யும். அவர் சொன்ன பொருள் சரி. மூலையில் மட்டும் அல்லாமல் ஸ்பீக்கருக்குப் பின்னால் சுவரிலும் வையுங்கள். சுவரை நெருங்க நெருங்கத் தாழ்ந்த ஒலி மொத்தமாகத் தடிக்கும். 49 ஹெர்ட்ஸ் முகடும் ஒன்றரை டெசிபல் அளவுக்குத் திரும்ப ஏறும். அந்தப் பொதுவான தடிப்புக்குத்தான் மானிட்டரின் முதுகில் பேஸைக் குறைக்கும் சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். பலர் அதைத் தொட்டுப் பார்ப்பதே இல்லை.

இதையெல்லாம் முடித்த பிறகு மிஞ்சுவதுதான் ஈக்யூவின் பங்கு.

நேர்க்கோடு எழுதியது:

இங்கே எல்லோரும் பழைய பாராமெட்ரிக் ஃபில்டரோடு நின்றுவிடுகிறீர்கள். இன்றைய கணினியில் நீளமான எஃப்ஐஆர் ஃபில்டரை (ஒரு வகை டிஜிட்டல் ஃபில்டர்) ஓட்டுவது பொருட்டே இல்லை. அளவையும் ஃபேஸையும் (அலை ஏறி இறங்கும் நேர நிலையையும்) சேர்த்துத் திருத்தலாம், கிராஸ்ஓவரில் (ஒலியைப் பெரிய, சிறிய ஸ்பீக்கர்களுக்குப் பிரிக்கும் இடத்தில்) ஏற்படும் ஃபேஸ் சுழற்சியையும் நேராக்கலாம். முழு அலைவரிசையையும் திருத்தாமல் தாழ்ந்த அதிர்வெண்களோடு நிறுத்த வேண்டும் என்பதற்கு என்ன காரணம்?

அலைநீளம் எழுதியது:

காரணம் மைக்குக்கும் காதுக்கும் உள்ள வேறுபாடு. அளவீட்டு மைக் எல்லாத் திசையிலிருந்தும் வரும் ஒலியை, நேரொலி, மேசையில் பட்டது, கூரையில் பட்டது என்று பாராமல், ஒரே கணக்கில் கூட்டிவிடுகிறது. காதும் மூளையும் முதலில் வந்த நேரொலியைக் கொண்டே ஸ்பீக்கரின் குணத்தை எடைபோடுகின்றன, பின்னால் வருவதைப் பெரும்பாலும் அறை என்று பிரித்து வைத்துவிடுகின்றன. ஆகவே 2 கிலோஹெர்ட்ஸில் மைக் காட்டும் ஒரு பள்ளம், மேசையில் பட்டுத் தெறித்த ஒலியால் வந்ததாக இருக்கலாம். அதை நிரப்ப நீங்கள் ஏற்றும் 3 டெசிபல் நேராக நேரொலியில் ஏறிவிடும். நன்றாக இருந்த ஸ்பீக்கர் கெட்டுப்போனது போலக் கேட்கும். அதோடு 10 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3.4 சென்டிமீட்டர்; தலையைச் சற்றே சாய்த்தால் அங்கே பெற்ற அளவீடு வேறொன்றாகிவிடும்.

எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே அறை ஆட்சி செய்கிறது என்பதற்கு ஒலியியல் அறிஞர் மன்ஃப்ரெட் ஷ்ரோடர் தந்த சூத்திரத்தைத் தோராயமாகப் பயன்படுத்தலாம்: எதிரொலிக்கும் நேரத்தை (ஒலி நின்றபின் அறையில் அது அணைய ஆகும் நேரத்தை) கன அளவால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 2000ஆல் பெருக்க வேண்டும். இந்த அறையின் கன அளவு 29.4 கன மீட்டர், எதிரொலிக்கும் நேரம் 0.3 நொடி என்று கொண்டால் விடை 200 ஹெர்ட்ஸ் சுற்றி வருகிறது. இது ஒரு கோடு அல்ல, மெல்ல மாறும் பகுதி. 200க்கும் 400க்கும் இடையில் கைநடுங்கித்தான் ஈக்யூ செய்ய வேண்டும்.

சுருதிப்பெட்டியின் மிக்ஸ் ஏன் மந்தமாக வந்தது என்பதற்கும் விடை இதில் இருக்கிறது. முன்னே தட்டையாக ஒலிக்கும் ஒரு நல்ல ஸ்பீக்கரைச் சாதாரண அறையில் வைத்து அளந்தால், கோடு தாழ்ந்த பக்கத்திலிருந்து உயர்ந்த பக்கம் வரை மெல்லச் சரிந்தபடிதான் வரும், ஏனென்றால் உயர்ந்த அதிர்வெண்களில் ஸ்பீக்கர் குறுகலாக ஒலிக்கிறது, அறையும் அவற்றை அதிகமாக உறிஞ்சுகிறது. ஹார்மன் நிறுவனத்தில் ஃபிளாய்ட் டூல் குழுவினர் செய்த கேட்புச் சோதனைகள் இந்தச் சரிவோடு இணங்கும் முடிவையே தந்தன. அதைத் தட்டையாக்கினால் நேரொலி கூர்மையாகிறது. கூர்மையைக் கேட்டு மிக்ஸில் உச்ச ஒலிகளைக் குறைக்கிறீர்கள். வெளியே அது மந்தமாகக் கேட்கிறது.

இது புதிதாக எழுந்த விவாதமும் அல்ல. ஆல்டெக் லான்சிங் நிறுவனம் 1960களின் பிற்பகுதியிலேயே மூன்றில் ஒரு ஆக்டேவ் ஃபில்டர்களைக் கொண்டு அறையைத் திருத்தும் முறையை விற்றது. அதன் பிறகு ஸ்டூடியோக்களில் வரிசை வரிசையாகக் கிராஃபிக் ஈக்யூக்கள் ஏறின. பின்னாளில் பல இடங்களில் அவற்றைக் கழற்றியும் விட்டார்கள்.

நேர்க்கோடு எழுதியது:

சரிவான இலக்குக் கோட்டை வைத்தால் போகிறது. அதோடு, ஸ்பீக்கரின் எதிரொலியற்ற அளவீடு கையில் இருந்தால், அதன் சொந்தக் குறைகளை உயர்ந்த அதிர்வெண்ணிலும் திருத்தலாமே?

அலைநீளம் எழுதியது:

இரண்டாவது வாக்கியத்தை முழுமையாக ஏற்கிறேன். பல திசைகளில் எடுத்த எதிரொலியற்ற அளவீட்டில், எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி தெரியும் ஒரு மேடு ஸ்பீக்கரின் சொந்தக் குணம். அகலமான, 2 அல்லது 3 டெசிபல் அளவிலான ஃபில்டரால் அதைத் தாராளமாகத் திருத்தலாம். நேரே பார்க்கும்போது மட்டும் தெரிகிற, பக்கவாட்டில் மறைந்துவிடுகிற பள்ளம், பெட்டியின் விளிம்பில் ஒலி சிதறுவதால் வருவது, அதை விட்டுவிடுங்கள். அறைக்குள் எடுத்த அளவீட்டைக் கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது என்பதே நான் சொல்வது.

எஃப்ஐஆர் குறித்து ஒரு நடைமுறைச் செய்தி. 48 கிலோஹெர்ட்ஸில் 8192 புள்ளிகள் கொண்ட லீனியர் ஃபேஸ் (எல்லா அதிர்வெண்களையும் சமமாகத் தாமதிக்கும்) ஃபில்டர், ஒலியை 85 மில்லிநொடி தாமதப்படுத்தும். மிக்ஸ் செய்யும்போது அது தொந்தரவில்லை. மானிட்டரைக் கேட்டுக்கொண்டே கீபோர்டு வாசித்துப் பதிய முயன்றால் கை தடுமாறும். அடிக்கு முன்பே அதன் நிழல் போல ஒரு மெல்லிய ஒலி வரும் அபாயமும் குறுகலான ஃபில்டர்களில் உண்டு. தாழ்ந்த முகடுகள் மினிமம் ஃபேஸ் என்று ஆன பிறகு, அவற்றுக்குச் சாதாரண பாராமெட்ரிக் ஃபில்டரே இயல்பான இணை.

முதல்தடம் எழுதியது:

ஐயா, நான் இப்போதுதான் தொடங்குகிறேன். அளப்பது எப்படி என்று படிப்படியாகச் சொல்ல முடியுமா? மைக்கை எங்கே நோக்கி வைப்பது என்பதிலேயே ஆளுக்கொரு பேச்சாக இருக்கிறது. திருத்தும் ப்ளக்-இன்னை எங்கே போடுவது என்பதும் புரியவில்லை. மாஸ்டர் டிராக்கில் போட்டால் பாட்டோடு சேர்ந்து பதிவாகிவிடாதா?

கீழ்வரி எழுதியது:

பதிவாகிவிடும், அதனால்தான் அதை மாஸ்டரில் போடக் கூடாது. ஒலிப்பதிவு மென்பொருளான ரீப்பரில் மானிட்டரிங் எஃப்எக்ஸ் என்ற தனி வரிசை இருக்கிறது, அதே போன்ற கியூபேஸில் கன்ட்ரோல் ரூம் இருக்கிறது. அங்கே போட்டால் ஸ்பீக்கருக்கு மட்டும் போகும், ஏற்றுமதி செய்யும் கோப்பில் ஏறாது. விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ போன்றவற்றை (கணினியின் ஒலியை ஈக்யூ செய்யும் மென்பொருள்களை) நிறுவிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: விண்டோஸின் ஒலிப் பாதையைத் தவிர்த்து நேரே ஒலிக்கருவிக்குச் செல்லும் ஏசியோ டிரைவர் வழியாகப் போகும் ஒலி அதைத் தொடாமலே போய்விடும். பாட்டு கேட்கும்போது திருத்தம் இருக்கும், மிக்ஸ் செய்யும்போது இருக்காது. மானிட்டருக்குள்ளேயே டிஎஸ்பி (ஒலியைக் கணக்கிட்டு மாற்றும் சில்லு) இருந்தாலோ, இடையில் ஒரு தனிக் கருவி இருந்தாலோ இந்தக் குழப்பமே இல்லை.

அளப்பதற்கு ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருள் போதும்; இலவசமாகவே கிடைக்கிறது. மைக்கோடு வரும் அளவுத்திருத்தக் கோப்பை முதலில் ஏற்றுங்கள். சில மைக்குகளுக்கு இரண்டு கோப்புகள் கொடுப்பார்கள்: ஸ்பீக்கரை நோக்கி வைத்தால் 0 பாகைக் கோப்பு, கூரையை நோக்கி நிறுத்தினால் 90 பாகைக் கோப்பு. நோக்கும் திசையையும் கோப்பையும் மாற்றிப் பொருத்தினால் மேல் அதிர்வெண்களில் கோடு பொய் சொல்லும். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே எப்படி வைத்தாலும் வேறுபாடு தெரியாது. ஆளுக்கொரு பேச்சு என்று நீங்கள் சொன்னது பெரும்பாலும் இதனால்தான்.

மைக் காது இருக்கும் உயரத்தில், தலை இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டாண்டில் நிற்க வேண்டும், நாற்காலியை அகற்றிவிட வேண்டும். உயரமான நாற்காலி முதுகு மைக்குக்குப் பின்னால் இருந்தால் அதன் எதிரொலியையும் அளப்பீர்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். 75 முதல் 80 டெசிபல் ஒலி மட்டத்தில் ஸ்வீப்பை (தாழ்விலிருந்து உயர்வு வரை ஏறும் சோதனை ஒலியை) ஓட்டுங்கள். இடது ஸ்பீக்கரைத் தனியாகவும் வலதைத் தனியாகவும் அளந்து, பிறகு இரண்டையும் சேர்த்து ஒருமுறை அளக்கலாம், ஆனால் சேர்த்து அளந்ததில் மேல் அதிர்வெண்களைப் பார்க்காதீர்கள். இரண்டு மூலங்கள் ஒரே மைக்கில் மோதுவதால் அங்கே சீப்பின் பற்கள் போலக் கோடு வெட்டுப்படும், அது காதில் அப்படிக் கேட்பதில்லை.

அடுத்து, தலையைச் சுற்றி ஒரு முழத்துக்குள் மைக்கை முன்னும் பின்னும், மேலும் கீழும், பக்கவாட்டிலும் நகர்த்திப் பல அளவீடுகள் எடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றன் மேல் ஒன்றாகத் திரையில் போட்டதும் பார்க்க வேண்டியது ஒன்றுதான். எல்லாக் கோடுகளிலும் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும் முகடுக்கு ஃபில்டர் போடலாம். கோட்டுக்குக் கோடு இடம் மாறும் பள்ளத்தைத் தொடவே வேண்டாம். தாழ்ந்த அதிர்வெண்களைப் பார்க்கும்போது வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள் அல்லது 48இல் ஒரு ஆக்டேவ் என்ற அளவில் வையுங்கள். மூன்றில் ஒரு ஆக்டேவ் வைத்தால் 49 ஹெர்ட்ஸ் முகடு சோம்பேறித்தனமான ஒரு மேடாகத் தெரியும், அதற்கு நீங்கள் போடும் ஃபில்டரும் பக்கத்துச் சுரங்களைச் சேர்த்து வெட்டிவிடும்.

சுருதிப்பெட்டி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கீழ்வரி சொன்னபடியே நாற்காலியை 1.33 மீட்டருக்கும் ஸ்பீக்கர் முகப்பை 30 சென்டிமீட்டருக்கும் மாற்றினேன். இரு ஸ்பீக்கர்களும் என் தலையும் அமைக்கும் முக்கோணத்தின் பக்கம் இப்போது 1.2 மீட்டர். ஸ்பீக்கர்களுக்குப் பின்னாலும் இரு பக்கச் சுவர்களிலும் கம்பளிப் பலகைகள் நிற்கின்றன. ஈக்யூ எதுவும் இல்லாமல் அளந்தபோது 49 ஹெர்ட்ஸ் முகடு 11 டெசிபலிலிருந்து 6ஆக இறங்கியிருக்கிறது. 120 ஹெர்ட்ஸ் பள்ளத்தின் இடத்தில் இப்போது சொல்லும்படி ஒன்றுமில்லை. 280 ஹெர்ட்ஸ் அருகே 4 டெசிபல் ஆழத்தில் ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிட்டேன். வாட்டர்ஃபால் வரைபடத்தில் (ஒவ்வோர் அதிர்வெண்ணும் எவ்வளவு நேரத்தில் அணைகிறது என்று காட்டுவது) 49 ஹெர்ட்ஸ் மட்டும் 0.6 நொடி வரை இழுக்கிறது. இதற்கு ஃபில்டரின் க்யூ (பட்டை எவ்வளவு குறுகல் என்ற எண்) எவ்வளவு வைப்பது? இன்னொன்று, 160 ஹெர்ட்ஸில் இடது ஸ்பீக்கர் வலதை விட 3 டெசிபல் கூடுதலாக இருக்கிறது. இடப்பக்கம் ஓர் அலமாரி இருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இரண்டு ஸ்பீக்கருக்கும் தனித்தனி ஃபில்டர் போடலாமா?

அலைநீளம் எழுதியது:

ஒத்ததிர்வின் பட்டை அகலம், 2.2ஐ அணையும் நேரத்தால் வகுத்தால் கிடைக்கும். 0.6 நொடிக்கு அது 3.7 ஹெர்ட்ஸ் சுமார். 49ஐ அதனால் வகுத்தால் அறையின் க்யூ 13 வருகிறது. இதை அப்படியே ஈக்யூவில் தட்டிவிடாதீர்கள். பெரும்பாலான டிஜிட்டல் பெல் ஃபில்டர்களில், குறைக்கும் அளவுக்கு ஏற்ப க்யூ என்ற எண்ணின் உட்பொருள் மாறும். வழக்கமான வாய்பாட்டில் 5 டெசிபல் குறைப்புக்கு 10 என்று வைத்தால்தான் அறையின் 13க்குப் பொருந்தும். ஒவ்வொரு நிறுவனத்தின் ஈக்யூவும் இதில் ஒவ்வொரு விதம், ஆகவே எண்ணை விட வாட்டர்ஃபாலை நம்புங்கள். 10இல் தொடங்கி, ஃபில்டரோடு மறுபடி ஸ்வீப் ஓட்டி, 49 ஹெர்ட்ஸ் வால் எந்த மதிப்பில் மிகவும் குட்டையாகிறதோ அங்கே நிறுத்துங்கள். மையம் அரை ஹெர்ட்ஸ் விலகினாலும் பலன் குறைந்துவிடும்.

6 டெசிபலையும் வெட்ட வேண்டாம், 5 போதும். ஒரு டெசிபல் மிஞ்சினால் காது கண்டுகொள்ளாது, அதிகமாக வெட்டினால் ஜி சுரம் பாட்டிலிருந்தே காணாமல் போன உணர்வு வரும். இந்த ஃபில்டரை இரண்டு பக்கமும் ஒன்று போலவே வையுங்கள், ஏனென்றால் நீளவாக்கு அலை இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் பொது.

160 ஹெர்ட்ஸுக்கு இடப்பக்கம் மட்டும் தனி ஃபில்டர் போடலாம். ஆனால் 300 ஹெர்ட்ஸுக்கு மேலே இரு பக்கத்துக்கும் வெவ்வேறு திருத்தம் வைத்தால், நடுவில் நிற்க வேண்டிய குரல் சுரத்துக்குச் சுரம் இடமும் வலமும் அசையும்.

வெறுஞ்சுவர் எழுதியது:

அலமாரியை நகர்த்தினால் அந்த ஃபில்டரும் வேண்டாம்.

கீழ்வரி எழுதியது:

அதையும் சொல்லியாக வேண்டும்தான். நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள். முடியாவிட்டால் வலப்பக்கம் அதே தூரத்தில் அதே அளவில் ஏதாவது பொருளை நிறுத்தினாலும் இரு பக்கமும் ஒன்றுபோலாகும்.

திருத்தத்தைப் போட்டும் எடுத்தும் ஒப்பிடும்போது ஒலி மட்டத்தைச் சமமாக்கிக்கொள்ளுங்கள். குறைக்கும் ஃபில்டர்கள் மட்டும் இருப்பதால் திருத்திய வழி எப்போதும் சற்று மெதுவாகவே ஒலிக்கும், மனம் உரத்ததையே நல்லது என்று தேர்ந்தெடுக்கும். ஒப்பிடுவதற்கு ஜி, ஏ, பி என்று ஏறி இறங்கும் ஒரு பேஸ் வரியை ஒரே அழுத்தத்தில் வாசித்துப் பதிந்து சுழல விடுங்கள். எந்தச் சுரம் முன்னே துருத்துகிறது என்பது உடனே தெரிந்துவிடும். நன்றாகப் பழகிய பாட்டைக் கேட்டு முடிவு செய்வது அடுத்த கட்டம், ஏனென்றால் பழகிய பாட்டில் விட்டுப்போனதை மனமே நிரப்பிக்கொள்ளும்.

முதல்தடம் எழுதியது:

இவ்வளவு சிரமப்படுவதற்கு ஹெட்போனிலேயே மிக்ஸ் செய்துவிட்டால் என்ன?

நேர்க்கோடு எழுதியது:

செய்யலாம், பலர் செய்கிறார்கள். ஹெட்போனில் அறை இல்லை, நிலை அலையும் இல்லை. ஆனால் இடது ஒலி இடது காதுக்கு மட்டும் போவதால் அகலம் குறித்த தீர்ப்பும், எதிரொலி எஃபெக்டின் அளவு குறித்த தீர்ப்பும் பிறழும். மூடிய ஹெட்போன்களில் தாழ்ந்த ஒலி தலையில் அமரும் விதத்தைப் பொறுத்தே மாறிவிடும். இரண்டையும் வைத்துக்கொண்டு, ஒன்றின் குறைக்கு மற்றதைச் சாட்சியாக்குவது நல்லது.

சுருதிப்பெட்டி எழுதியது:

அலமாரி சுவரோடு பதித்தது, நகராது; இடப்பக்க ஃபில்டரை வைத்துக்கொண்டேன். 49 ஹெர்ட்ஸுக்கு க்யூ 10லிருந்து சற்று இறக்கியபோது வால் மிகவும் குட்டையானது. லிமிட்டர் விளக்கு இப்போது எரிவதில்லை. ஒன்றுதான் உறுத்துகிறது. 57 ஹெர்ட்ஸில் இரண்டு ஸ்பீக்கர்களிலும் 5 டெசிபல் பள்ளம் இருக்கிறது. மைக்கைத் தலையைச் சுற்றி எங்கே நகர்த்தினாலும் அது பெரிதாக இடம் மாறவில்லை. இடம் மாறாததால் இதை மட்டும் கொஞ்சம் ஏற்றலாமா?

அலைநீளம் எழுதியது:

வேண்டாம். 3 மீட்டர் அகலத்துக்கான முதல் நிலை அலை 57.2 ஹெர்ட்ஸ். நீங்கள் அறையின் நடுக்கோட்டில் அமர்ந்திருக்கிறீர்கள், அந்த அலை நடுக்கோட்டில் சுழியாகிறது. பக்கவாட்டில் ஒரு மீட்டர் நகர்ந்து அளந்து பாருங்கள், அதே 57 அங்கே பள்ளமாக அல்லாமல் மேடாக எழும். மைக்கை ஒரு முழத்துக்குள் மட்டும் நகர்த்தியதால் அது அசையாதது போலத் தெரிந்தது. மேலும், இரண்டு ஸ்பீக்கர்களும் நடுக்கோட்டுக்கு இருபுறமும் சம தூரத்தில் நின்று ஒரே பேஸை ஒலிக்கும்போது அந்த அலை கிளம்புவதே இல்லை. நீளத்துக்கான 49க்கும் உயரத்துக்கான 61க்கும் இடையில் உங்களுக்குத் துணைக்கு வரும் ஒத்ததிர்வு எதுவும் இல்லாமல் போகிறது. ஸ்டீரியோவுக்காக நடுவில் அமர்வதற்கு அறை வாங்கும் கட்டணம் இது.

5 டெசிபல் ஏற்றினால் மூன்று மடங்கு ஆற்றல் போகும், லிமிட்டர் விளக்கு திரும்ப வரும். இந்தப் பள்ளத்தில் விழுவது 58.3 ஹெர்ட்ஸில் இருக்கும் ஏ ஷார்ப் சுரம். பேஸ் வரி அந்தச் சுரத்தில் தங்கும் பாட்டாக இருந்தால் அந்த இடத்தை மட்டும் ஹெட்போனில் சரிபார்த்துக்கொள்ளுங்கள், நாற்காலியை நடுக்கோட்டிலிருந்து நகர்த்த வேண்டாம்.